பத்து நாள் தீட்டு

4 அக்டோபர் 2019, வெள்ளி

செங்கமலத்தை நான் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பவில்லை. அவளை யாரும் அனுப்பவே இல்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒத்தாசையாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையோடு தானாகப் படியிறங்கிப் போனவள் அவள். திரும்பி வரவில்லை. இது நடந்தது 1984 மே மாதம். முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஸ்ரீரங்கத்தில், இந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு நான் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சைக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு பத்மாசனி. அவளுடைய பெரியம்மா பெண் கும்பகோணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பக்கத்து அறையில் செங்கமலம் என்று ஒரு கிழவி. "திருச்சியில் சீஃப் எஞ்ஜினீயர் சௌரிராஜன் அகத்தில் பதினோரு வருஷம் தளிகை பண்ணினேன்" என்று சொன்னாளாம். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டதற்குச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பு கும்பகோணத்திலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் வெள்ளி டம்ளர், திருட்டு, போலீஸ் என்று வளர்ந்துவிட்டது.

"சமையக்காரியா இருந்தா என்ன மாமி, அவளும் மனுஷிதானே" என்றாள் பத்மாசனி. மூன்றாவது மாடி வந்துவிட்டது.

காலையில் பெருமாளைச் சேவித்தேன். நான்கு முறை, தரையில் விழுந்து, எழுபத்தெட்டு வயதில். பிறகு துவரம்பருப்பைப் புடைத்து டப்பாவில் போட்டேன். அரைக் கிலோவில் எட்டுக் கல். கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது இதுவரை எனக்குத் தெரியாது.

5 அக்டோபர், சனி

கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நல்லதுதான்.

8 அக்டோபர், செவ்வாய்

விஜயதசமி. தெருக்கோடி மண்டபத்தில் இன்று உபன்யாசம் ஆரம்பம், இருபதாம் தேதி வரை. கர்மாவும் மோட்சமும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். சொல்கிறவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வடமொழி உச்சரிப்பு சுத்தம், தமிழில் லகர ளகரம் போதாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பத்மாசனி என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். பல பிறவிகளில் சேர்ந்த வினை மலைபோலக் கிடக்கிறது. அதில் ஒரு பகுதி பலன் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் இந்த உடம்பு, இந்த வாழ்க்கை. எத்தனை பிறவி எடுத்தாலும் அனுபவித்துத் தீர்க்க முடியாது. ஆகவே ஆசார்யன் மூலமாகப் பெருமாள் திருவடியில் பாரத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பரந்யாஸம் என்று பெயர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. செய்த அந்தக் கணத்தில் பழைய மலை முழுவதும் எரிந்துபோகும். பலன் கொடுக்க ஆரம்பித்த பகுதி இந்த உடம்போடு முடியும். மறுபிறவி கிடையாது.

எனக்கு 1983 செப்டம்பர் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருச்சி கன்டோன்மென்டில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆயிற்று. ஆசார்யன் எங்கள் வீட்டுக்கு எழுந்தருளியிருந்தார். இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேரால் தேதியும் நேரமும் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. அந்த வகையில் எனக்குக் கவலை இல்லை.

பத்மாசனி இன்னும் செய்துகொள்ளவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள், புடவைக்குப் பொருத்தமான ரவிக்கை கிடைக்காதவள் மாதிரி.

9 அக்டோபர், புதன்

ஏகாதசி. பட்டினி. கொஞ்சம் தலைசுற்றல்.

இன்று சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பெருமாள் தனக்குச் செய்த எந்தக் குற்றத்தையும் பொறுப்பார். ஆனால் தன் அடியாருக்குச் செய்த குற்றத்தை அவர் மன்னிப்பதில்லை. அந்த அடியாரிடமே போய்க் கேட்டு, அவர் வாயால் மன்னித்தேன் என்று வாங்க வேண்டும். அந்த ஆள் இறந்துபோவதற்குள் வாங்க வேண்டும். வேறு பரிகாரம் இல்லை.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

11 அக்டோபர், வெள்ளி

பத்மாசனி இரண்டு நாளாகக் கேட்பதால், நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அவளுக்காக அல்ல.

செங்கமலம் மன்னார்குடிப் பக்கத்தவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். இருபது வயதில் கணவனை இழந்து, கணவன் வழியிலும் பிறந்தகத்திலும் வைத்துக்கொள்ள ஆளில்லாமல், முப்பத்து நான்கு வயதில் என்னிடம் வந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சாமான் பட்டியல் எழுதினால் எழுத்து முத்து மாதிரி இருக்கும். அவள் வைக்கும் சாத்தமுது, அதாவது ரசம், இன்றுவரை எனக்கு வரவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஆசார்யன் எழுந்தருளுவது என்று முடிவானதும், யார் யாருக்குப் பரந்யாஸம் என்று என் கணவர் மடத்துக்குப் பெயர் எழுதி அனுப்பினார். மூன்று பெயர். தன் பெயர், என் பெயர், செங்கமலத்தின் பெயர். என்னைக் கேட்கவில்லை. அடுப்படியில் பதினோரு வருஷம் வெந்தவளுக்கு நம்மால் ஆகக்கூடியது இது ஒன்றுதான் என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் இப்படித்தான் யாரையும் கேட்காமல் நல்லது செய்வார்கள்.

பதினேழாம் தேதி மத்தியானமே மடத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று பரிசாரகர்கள் உண்டு. சமையல் முழுவதும் அவர்கள் கையில். ஒரு காரியஸ்தர் கூடத்தில் பாய் விரித்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னார். பெண்கள் ஒரு வரிசை, வயதுப்படி. ஆனபின் ஒருவரை ஒருவர் சேவிக்க வேண்டும், சின்னவர் பெரியவரை முதலில். கலெக்டர் மனைவியும், என் கணவரின் இலாகாவைச் சேர்ந்த ஏழெட்டு பேரின் மனைவிமார்களும் பார்க்க வருவதாக இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு, செங்கமலத்தின் கணவர் வழிப் பங்காளி வரதன் வடக்கே பிலாயில் காலமாகிவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. பங்காளி சாவு என்றால் பத்து நாள் தீட்டு. தீட்டில் பரந்யாஸம் இல்லை. கூடத்துக்குள்ளேயே வரக் கூடாது. நான் போய் அவளிடம் சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கொல்லைத் தொட்டியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு பின்கட்டு அறைக்குப் போனாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு பேருக்குத்தான் ஆயிற்று. ஆசார்யன் அன்று மாலையே தஞ்சாவூருக்குப் புறப்பட்டுவிட்டார். அதன் பிறகு தீட்டு முடியும்வரை நானே சமைத்தேன். இதை யாரும் சொல்வதில்லை.

செய்தி தவறு என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. வரதனே தன் பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார். செங்கமலம் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். "டிரங்க் கால் ஆபரேட்டர் யார் பேரையோ மாத்திச் சொல்லியிருக்கான், என்ன ஜென்மங்கள்" என்று நான் சொன்னேன். வரதன் வயிறு குலுங்கச் சிரித்தார். செத்துப் பிழைத்தவனுக்கு ஆயுசு கெட்டி என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஊருக்குக் கிளம்பும்போது, கல்யாண வேலைக்கு நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினாள். இறந்துபோனவரோடு புறப்பட்டுப் போனாள் என்று அப்போது நான் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

இவ்வளவுதான் நடந்தது. வெள்ளி டம்ளர் எதுவும் காணாமல் போகவில்லை.

12 அக்டோபர், சனி

ஒரு வாதத்துக்காக எழுதுகிறேன். ஒருவர் பதினேழாம் தேதி மாலை ஒரு தவறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டாம் தேதி காலை அவருக்குப் பரந்யாஸம் ஆகிறது. அதற்கு முன் செய்தது எல்லாம் எரிந்துவிடும் என்றால் அந்தத் தவறும் எரிந்திருக்க வேண்டும். பதினைந்து மணி நேரம் முந்தியது.

உபன்யாசம் முடிந்து அவரிடம் பொதுவாகக் கேட்டேன். முன்னால் செய்தது போகும் என்றார். பிறகு, "ஆனால் பாட்டி, அதைப் பின்னாலும் தொடர்ந்து நடத்தினா அது முன்னாலது இல்லையே" என்றார். என்னைப் பாட்டி என்று கூப்பிட இவர் யார்.

பின்னால் செய்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். மறுபிறவிக்கு அனுப்ப மாட்டார்களாம். இந்த உடம்பிலேயே கொஞ்சம் தட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போவார்களாம். காலோ, கண்ணோ, படுக்கையோ. கண் என்றபோது பத்மாசனி என் பக்கம் திரும்பினாள். எனக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. இடது கண் மங்குவதற்கு அதுதான் காரணம். டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

13 அக்டோபர், ஞாயிறு

என் பிள்ளை முகுந்தன் பூனாவிலிருந்து வழக்கம்போல் பத்து மணிக்குக் கூப்பிட்டான். கியாஸ் வந்ததா, கண் எப்படி, வேலைக்காரி வருகிறாளா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, செங்கமலம் கும்பகோணத்தில் இருக்கிறாளாம் என்றேன்.

போய்ப் பார் அம்மா என்றான். அவளுக்கு அன்றைக்கு நடந்ததில் என்மேல் வருத்தம் இருக்கலாம், அந்த ஆபரேட்டர் செய்த குளறுபடி என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, அன்னிக்கு எப்படிம்மா ஃபோன் வரும்? லைன் செத்துன்னா கிடந்தது. மழையில கேபிள் போயிடுத்துன்னு அப்பா ஒரு வாரமா கத்திண்டிருந்தாரே."

"உனக்கு அப்போ பன்னெண்டு வயசு. உனக்கு என்ன தெரியும்."

"பன்னெண்டு வயசுல காது கேக்கும்மா."

எவ்வளவு காலமாக இது அவனுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. குழந்தைகளுக்குத் தீபாவளித் துணி எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்தாயிற்று என்றான்.

மத்தியானம் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை வேலைக்காரியை விட்டு இறக்கினேன். பதினான்கு வயதிலிருந்து எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கான்வென்டில் சிஸ்டர் ஆக்னெஸ் பழக்கிவிட்டது. ஒரு நாளும் விடாதே, ஒரு நாளும் பொய் எழுதாதே என்பார்.

1983, செப்டம்பர் 13: 'டெலிபோன் வேலை செய்யவில்லை. புகார் கொடுத்தாயிற்று.'

செப்டம்பர் 17: 'மாலை ஆறு மணிக்கு பிலாயிலிருந்து டிரங்க் கால். செ.வின் பங்காளி வரதன் காலமானார்.'

செப்டம்பர் 21: 'டெலிபோன் இன்று சரியாயிற்று.'

மூன்றும் ஒரே மையில், ஒரே நிதானமான எழுத்தில் இருக்கின்றன.

14 அக்டோபர், திங்கள்

உபன்யாசத்துக்குப் போகவில்லை. நாரத்தங்காய் நறுக்கி உப்பில் போட்டேன்.

16 அக்டோபர், புதன்

கண்ணில் ஊசி. வலி இல்லை என்கிறார்கள். அவர்கள் கண்ணில் போடவில்லை. டாக்டர் வலது கண்ணையும் கவனிக்க வேண்டும் என்றார். எத்தனை நாளைக்கு எழுதப் படிக்க முடியும் என்று கேட்டேன். இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்மாசனி இல்லத்தில் இருக்கும் தன் பெரியம்மா பெண்ணை, அந்த அக்காவைப் பார்க்கப் போகிறாள். காரில் இடம் இருக்கிறதாம். எனக்குக் கும்பகோணத்தில் வெற்றிலை வாங்க வேண்டும் என்று சொன்னேன். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

18 அக்டோபர், வெள்ளி

போய்விட்டு வந்தேன். வழியெல்லாம் பத்மாசனி பேசினாள். தன் அக்காவைப் பார்க்க அவள் போய்விட, நான் செங்கமலத்தின் அறைக்குத் தனியாகப் போனேன்.

சின்ன அறை. கட்டில், ஒரு பெருமாள் படம், ஜன்னலில் காயும் ஈரத் துண்டு. கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இல்லத்துச் சமையலுக்கு அவளாகக் கேட்டு வாங்கிச் செய்கிறாளாம். உடம்பு பாதியாகக் கரைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"மாமியா" என்றாள். உடனே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தரையில் விழுந்து என்னைச் சேவித்துவிட்டாள். எண்பத்தோரு வயது. எழுந்திருக்க முடியவில்லை. ஓர் ஆயாவைக் கூப்பிட்டுத் தூக்க வேண்டியிருந்தது. நான் கைத்தடியோடு நின்றேன். எனக்கு முழங்கால் மடங்காது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முகுந்தனைப் பற்றிக் கேட்டாள். அவன் குழந்தைகள் பெயரைக் கேட்டாள். என் கணவர் போனது 91இல்தானே என்றாள். வரதன் போன வருஷம்தான் போனாராம், நிஜமாகவே, தொண்ணூற்றிரண்டு வயதில். அதைச் சொல்லும்போது கீரையிலிருந்து நிமிரவில்லை. என் கண்ணைப் பார்த்து, என்ன சிவந்திருக்கிறது என்றாள். ஊசி என்றேன்.

பிறகு கேட்டேன். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

"அன்னிக்கு டெலிபோன் வேலை செய்யலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமி. தினம் நான்தானே தொடைப்பேன். அன்னிக்குக் காலம்பரகூட எடுத்துக் காதுல வெச்சுப் பார்த்தேன். ஊமையா இருந்தது."

"தெரிஞ்சும் ஏன் தலைக்கு விட்டுண்டே?"

"நீங்க சொன்னேளே."

"பொய்னு தெரிஞ்சுமா?"

கீரைத் தண்டை ஒடித்து ஒரு பக்கம் வைத்தாள். "ஆத்துல நெறைய ஜனம். ஆசார்யன் எழுந்தருளியிருக்கார். அடியேன் வாயைத் தொறந்தா, நீங்க எல்லார் முன்னாலயும் என்ன ஆறது?"

பத்து நாள். சாகாத ஒருவருக்காகப் பத்து நாள் அந்தப் பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாயோடு உட்கார்ந்திருந்தாள், எனக்காக. ஒன்பதாம் நாள் நான் கதவருகே நின்று, பிலாயில் காரியங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவாம் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் தலையை ஆட்டினாள். இதை 11ஆம் தேதிக் குறிப்பில் எழுத விட்டுப்போயிற்று.

அப்புறமாவது செய்துகொண்டாயா, எத்தனையோ ஆசார்யர்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். இல்லை என்றாள். அன்று பின்கட்டு ஜன்னல் வழியாகக் கூடத்தில் சொல்லிவைத்தது அவளுக்கும் கேட்டதாம். ஆசார்யன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல, அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். "எனக்குன்னு ஒண்ணும் இல்லே, ஒருத்தரும் இல்லேங்கற எடம் வந்துதே, அது எனக்கு நன்னாப் பொருந்தித்து மாமி. போறும்னு தோணித்து. மறுபடி பண்ணிக்கப்படாதே. ஒரு தரம்தானே."

அது செல்லாது என்று சொல்ல வாயெடுத்தேன். முறைப்படி செல்லாதுதான். சொல்லவில்லை.

என்னை மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல் என்று கேட்டேன். எழுபத்தெட்டு வயதில் நான் முதல் முறையாக ஒருவரிடம் கேட்டது அது. சிரித்தாள். பத்மாசனியின் அக்கா பார்த்த சிரிப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மன்னிக்க என்ன இருக்கு? அது அடியேனோட கர்மா. அன்னிக்கு அந்தக் கூடத்துக்குள்ள வரப்படாதுன்னு எனக்கு இருந்திருக்கு. நடந்தது. கழிஞ்சுது. நீங்க அதுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். மனசுல வெச்சுக்காதீங்கோ."

காபி வந்தது. நல்ல காபி இல்லை. குடித்தேன். பத்மாசனி கதவருகே வந்து நின்று, நேரமாயிற்று என்றாள்.

காரில் வரும்போது, "என்ன மாமி, சமாதானம் ஆயிடுத்தா?" என்று கேட்டாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை என்றேன்.

19 அக்டோபர், சனி

நான் ஒரு சாக்காம்.

20 அக்டோபர், ஞாயிறு

கடைசி நாள். சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து நின்று கேட்டேன்: குற்றம் செய்தவர் போய் மன்னிப்புக் கேட்கிறார், எதிராளி, குற்றமே இல்லை, எல்லாம் என் கர்மா என்கிறார். அது மன்னிப்பு ஆகுமா?

"அப்போ சௌக்கியமாப் போச்சு பாட்டி, வேற என்ன வேணும்?" என்றார். மண்டபமே சிரித்தது. பத்மாசனியும் சிரித்தாள். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் தொன்னை கொடுத்தார்கள். சர்க்கரை வியாதி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சௌக்கியமாகப் போகவில்லை. மூன்று நாளாக யோசிக்கிறேன். அவளுடைய கர்மா வந்து என் நாக்கை அசைத்ததா? அன்று மாலை கூடத்தில், பெண்கள் வரிசையில் முதல் பாய் அவளுக்கு, இரண்டாவது எனக்கு என்று காரியஸ்தர் கை காட்டினார். கலெக்டர் மனைவிக்கு முன்னால் நான் என் சமையல்காரி காலில் விழ வேண்டும். என்ன சொன்னால் அவள் உள்ளே வர முடியாது என்று கால் மணி நேரம் யோசித்தேன். வீட்டுக்குத் தூரம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவளுக்கு அது நின்று போய்விட்டது, அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். பிறகுதான் பங்காளி நினைவுக்கு வந்தார். கிட்டத்தில் இருப்பவராக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பிலாயில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தேன். இவ்வளவு வேலையும் செய்தது நான். முப்பத்தாறு வருஷம் கழித்து அதைப் பிடுங்கித் தன் கர்மா என்று வைத்துக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை?

அன்று நான் இரண்டாவது பாயில் உட்கார்ந்தேனா, முதல் பாயிலா? முதல் பாயில்தான். 'எனக்கென்று ஒன்றும் இல்லை' என்ற வார்த்தையை நானும்தான் திருப்பிச் சொன்னேன். அப்போது எனக்கு எல்லாம் இருந்தது. புது ஒன்பது கஜம், வைரத்தோடு, பார்க்க வந்த பெண்கள்.

யாருடையது செல்லும் என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

கான்வென்டில் சனிக்கிழமை மாலைகளில் கத்தோலிக்கப் பெண்கள் சேப்பல் வாசலில் வரிசையாக நிற்பார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வதற்கு. நாங்கள் பிராமணப் பெண்கள் மாடி வராந்தாவிலிருந்து பார்ப்போம். ஐந்து நிமிஷத்தில் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்களே என்று எனக்கு இளக்காரம். அந்த வரிசையில் நிற்கும் என் வகுப்பு ஃபிலோமினாவிடம் அப்படியே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள போய்ப் பாரு, அப்புறம் பேசு. என்ன செஞ்சோம், எத்தன தரம் செஞ்சோம்னு நம்ம வாயால சொல்லணும். சாத்தான் செஞ்சான், விதி செஞ்சுதுன்னு சொன்னா ஃபாதர் வெளிய போன்னுடுவார்" என்றாள்.

அறுபது வருஷமாக அவளை நினைக்கவில்லை. இன்று நாரத்தங்காய்க்கு வெயில் காட்டிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது.

கும்பகோணத்தில் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். டெலிபோன் வேலை செய்யவில்லை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். பொய் என்று தெரியுமா என்று கேட்டேன். மன்னித்தேன் என்று சொல் என்றேன். நான் பொய் சொன்னேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவள் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடிதம் எழுத ஆரம்பித்து நான்கு தாள் கிழித்தேன். வலது கண்ணில் நீர் வடிகிறது. சொட்டு மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம்.

24 அக்டோபர், வியாழன்

கடிதத்தின் நகலை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் கடிதங்களுக்கும் நகல் வைப்பது என் வழக்கம்.

'ஸ்ரீமதி செங்கமலம் அவர்களுக்கு,

வகுளா சௌரிராஜன் எழுதுவது.

1983 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை எங்கள் வீட்டுக்கு எந்த டிரங்க் காலும் வரவில்லை. எந்த ஆபரேட்டரும் பெயரை மாற்றிச் சொல்லவில்லை. வரதன் காலமானார் என்று நான் பொய் சொன்னேன். நீங்கள் மூத்தவர் என்பதால் உங்களுக்கு முதல் பாய் என்றும், நான் உங்களைச் சேவிக்க வேண்டும் என்றும் மடத்துக்காரர் சொன்னார். அது எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் அது ஒன்றுதான்.

பரந்யாஸம் ஆனபிறகும் மூன்று முறை அந்தப் பொய்யைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் பின்கட்டுக் கதவருகே, உங்களிடம். அன்று, செத்துக் கிடந்த லைனில் செய்தி எப்படி வந்தது என்று என் கணவர் கேட்டபோது, அவரிடம். எட்டு மாதம் கழித்து வரதன் வந்தபோது, எல்லோரிடமும். நான்காவதாக, இந்த மாதம்கூட என் நாட்குறிப்பில் அப்படியே எழுதியது இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் என்னைச் சேவித்தீர்கள். நான் பதிலுக்குச் சேவிக்கவில்லை. என் முழங்கால் காரணம் இல்லை. வீட்டில் பெருமாள் முன்னால் தினமும் நான்கு முறை விழுந்து எழுகிறேன்.

இது உங்கள் கர்மா என்று சொன்னீர்கள். அதை நான் ஏற்கவில்லை. நீங்கள் மழையில் நனைந்ததும் பத்து நாள் ஒதுங்கி உட்கார்ந்ததும் வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும். சொன்னது நான். அது என்னுடையது. அதை என்னிடம் திருப்பிக் கொடுங்கள். கொடுத்த பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். வேண்டாம் என்றாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மை இல்லை. வருத்தப்படுவேன். ஆனாலும் அது எனக்குப் புரியும்.

மறுபிறவி இல்லாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் உங்களைத் தேடி வந்தேன். இந்தக் கடிதத்தை அதற்காக எழுதுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அது நடக்கிறபடி நடக்கட்டும்.

எனக்குப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. உங்கள் எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கும். என்னால் படிக்க முடியும். மன்னித்தேன் என்றோ, மன்னிக்கவில்லை என்றோ ஒரு வரி எழுதினால் போதும். கர்மா என்ற வார்த்தை வேண்டாம். பத்மாசனியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். தபால் தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.'